எதைப் பார்த்து வரைந்தீர்கள், தம்பி?

வாசகர் கேள்வி:

கவின்கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டு இறுதிக் காட்சிக்கு அவரவர் படங்களைப் பற்றி அவரவரே இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார். எழுதுவதற்காக, சேர்ந்த நாளிலிருந்து போட்ட எல்லாவற்றையும் ஹாஸ்டல் வராண்டாவில் பரப்பிப் பார்த்தேன். பயமாகிவிட்டது. போர்ட்ரெய்ட் எல்லாம் ஓவியர் இளையராஜா மாதிரி இருக்கிறது. கோட்டோவியம் ஆதிமூலம் மாதிரி இருக்கிறது. இப்போது செய்யும் பெரிய அக்ரிலிக் அரூப ஓவியங்கள் இன்ஸ்டாகிராமில் நான் பார்க்கும் யாரோ ஒருவர் மாதிரி இருக்கின்றன. என்னுடையது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பக்கத்து அறை நண்பன் வந்து பார்த்துவிட்டு, “பஸ் ஸ்டாண்டுல பால்பாயிண்ட்ல போட்டதுதான்டா நல்லாருக்கு” என்றான். கேன்வாஸுக்கும் கலருக்கும் அப்பாவிடம் வாங்கிய பணத்தை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை. பழையதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? சொந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது? அந்த இரண்டு பக்கத்தில் என்னதான் எழுதுவது? சில படங்களைப் போட்டோ எடுத்தும், எழுதிப் பார்த்த முதல் பத்தியையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், டெல்டா மாவட்டம்

பதில்:

தம்பி, முதலில் அந்த முதல் பத்தி. “இருத்தலின் வெறுமைக்கும் நினைவின் அடுக்குகளுக்கும் இடையே நிகழும் உரையாடலே என் ஓவியங்கள்” என்று தொடங்கியிருக்கிறீர்கள். இந்த வரியை உங்கள் வகுப்பில் யார் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டும். படமே மாட்டாத சுவரில் ஒட்டினால் இன்னும் நன்றாக ஒட்டும். அதைத் தள்ளி வையுங்கள். எழுதுவதைப் பற்றிப் பிறகு பேசலாம். பார்ப்பது சரியாக நடந்தால் எழுத்து பாதி முடிந்த மாதிரிதான்.

வராண்டாவில் பரப்பினீர்கள், சரி. எந்த வரிசையில் பரப்பினீர்கள்? அனேகமாக முதலாண்டு, இரண்டாமாண்டு என்று காலவரிசையில் வைத்திருப்பீர்கள். இல்லையென்றால் வாட்டர் கலர் ஒரு பக்கம், ஆயில் ஒரு பக்கம். இந்த இரண்டு வரிசையிலும் உங்களுக்குத் தெரியப்போவது ஒன்றுதான்: வளர்ந்தேனா, வளரவில்லையா. அந்தக் கேள்வி வந்தாலே மதிப்பெண் போடும் புத்தி வந்துவிடும். படம் கண்ணிலிருந்து போய்விடும்.

இன்னொரு முறை பரப்புங்கள். இந்தத் தடவை, வரையும்போது உங்கள் எதிரே என்ன இருந்தது என்பதை வைத்துப் பிரியுங்கள். ஆளோ பொருளோ இடமோ நேரில் இருக்க வரைந்தவை ஒரு குவியல். போட்டோவைப் பார்த்து வரைந்தவை ஒன்று. இன்னொருவர் படத்தைப் பார்த்தோ, அதை மனதில் வைத்துக்கொண்டோ செய்தவை ஒன்று. எதையும் பார்க்காமல் செய்தவை கடைசி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் எல்லைக்கோடு போடுவதுதான் கஷ்டம். அந்த அரூப ஓவியங்களை எதில் வைப்பது என்று கொஞ்ச நேரம் கையில் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நில்லுங்கள், நல்லது.

நீங்கள் அனுப்பிய படங்களை நானும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் ஸ்கெட்சுகளில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அதில் ஒரு முகம்கூட நேராக இல்லை. எல்லாரும் முதுகு காட்டிக்கொண்டோ பக்கவாட்டிலோ நிற்கிறார்கள். முகத்தை நாலு கோட்டில் முடித்துவிட்டீர்கள். ஆனால் அந்த அம்மாள் கையில் இருக்கும் ஒயர் கூடையின் பின்னல், ஒவ்வொரு கட்டமாகப் போயிருக்கிறது. சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டிய இடத்தில் துணி எப்படிச் சுருங்குமோ அப்படியே சுருங்கியிருக்கிறது. கட்டைப்பையைத் தூக்கிய தோள் இறங்கி, மறுதோள் ஏறி, இடுப்பு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது. அனாட்டமி வகுப்பில் எலும்புக்கூட்டைப் பார்த்துப் போட்ட தாளில் இந்தச் சாய்வு உங்களுக்கு வரவே இல்லை. இங்கே யாரும் சொல்லாமல் வந்திருக்கிறது. கை எங்கே நிதானமாகப் போகிறதோ அங்கேதான் உங்கள் கண் ஆசைப்பட்டு நின்றிருக்கிறது. முகத்தில் நிற்கவில்லை, மூட்டையில் நின்றது. இது குறையும் இல்லை, பெருமையும் இல்லை. உங்களைப் பற்றிய ஒரு தகவல், அவ்வளவுதான்.

இன்னொரு தகவலும் இருக்கிறது. பாதங்கள். எல்லாருக்கும் கணுக்காலோடு தாள் முடிந்துவிடுகிறது. இடம் போதவில்லை என்று சொல்வீர்கள். ஒரு தாளில் போதாமல் போகலாம், எல்லாத் தாளிலுமா? கால் விரலும் செருப்பும் வரையக் கஷ்டம், அதனால் தலையைப் பெரிதாகத் தொடங்கித் தாளைத் தீர்த்துவிடுகிறீர்கள். எதை ஆசையாகப் பார்த்தோம் என்பதைப் போலவே எதிலிருந்து நழுவினோம் என்பதும் படத்தில் பதிந்துவிடும். பரப்பிப் பார்ப்பதன் பலன் இதுதான். ஒரு படத்தில் தற்செயலாகத் தெரிவது இருபது படத்தில் பழக்கம் என்று தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் நண்பன் சொன்னது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. காரணம் தெரியாததால் உங்களுக்குத் தூக்கம் போயிற்று. பஸ் வந்துவிடும், ஆள் ஏறிப் போய்விடுவார். பால்பாயிண்டில் போட்டதை அழிக்கவும் முடியாது. அதனால் கோடு போடுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டிய கட்டாயம். அதோடு அந்த நோட்டுக்கு மார்க் கிடையாது, யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள். அதே கண், அதே கைதான் மேசையில் பொருள்களை அடுக்கிவைத்து வரைந்த ஸ்டில் லைஃபிலும் வேலை செய்தது. அங்கே பித்தளைச் சொம்பின் விளிம்பு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செத்துக் கிடக்கிறது. பின்னணியை ஒரே அளவு ஷேடிங்கால் நிரப்பியிருக்கிறீர்கள், கட்டாந்தரையைப் பெருக்குகிற மாதிரி. எதிரே பொருள் இருந்தும் பார்க்கவில்லை, தாளை முடித்திருக்கிறீர்கள்.

அதற்காக, அவசரமாகப் போட்டால்தான் உண்மை, கேன்வாஸ் எல்லாம் பொய் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது இன்னொரு மூடநம்பிக்கை. கலைக் கல்லூரிகளில் அவ்வப்போது பரவும்.

போர்ட்ரெய்டுகளுக்கு வருவோம். செல்போன் போட்டோவிலிருந்து செய்தவை என்று பார்த்ததும் தெரிகிறது. கிட்டே பிடித்து எடுத்த போட்டோவில் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். அந்தக் கோணலை அப்படியே நம்பி உங்கள் அத்தையின் முகத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பு. நேரில் பார்த்தால் நிழலுக்குள் நீலமும் செம்மண் நிறமும் தெரியும், கேமரா அதை விழுங்கிவிடும். இளையராஜா மாதிரி இருக்கிறது என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். அவரைப் போல இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பது என் வருத்தம். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோவதற்கு முன்பு அவர் செய்துவைத்த படங்களை எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கதவோ ஜன்னலோ இருக்கும், அதன் பக்கம் இருக்கும் கன்னமும் சேலையும்தான் ஒளிரும். நீங்கள் அவரிடமிருந்து தோலின் பளபளப்பை எடுத்துக்கொண்டீர்கள், வெளிச்சம் வரும் வழியை எடுக்கவில்லை. அதனால்தான் அத்தை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறார்.

ஒருவரைப் போல வரைவதில் தப்பு என்ன இருக்கிறது? வான்கோ 1880-இல் படம் வரைவதே வேலை என்று தீர்மானித்தபோது அவருக்கு வயது 27. சார்ல் பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தார். ஒன்பது வருடம் கழித்து, சான்-ரெமி மனநல மருத்துவமனையில் இருந்தபோது மறுபடியும் பிரதி எடுத்தார், இந்தத் தடவை பிரெஞ்சு ஓவியர் மிலேயின் உழவர் படங்களை. அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். வண்ணத்தை இவரே கண்டுபிடித்துப் போட்டார். முதலில் எடுத்த பிரதியில் மாணவர் தெரிகிறார், பின்னால் எடுத்ததில் வான்கோ தெரிகிறார். இரண்டுக்கும் நடுவில் நேரில் பார்த்து வரைந்தவை மலை மலையாக இருக்கின்றன.

ஆதிமூலத்தின் கோடும் அப்படி வந்ததுதான். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் பயின்ற தலைமுறை, கோட்டை உயிராக நினைத்த சூழல். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தால், ஒரே மனிதரை எத்தனை விதமாகக் கோட்டில் பிடிக்கலாம் என்று தெரியும். பிறகு அதே கை கறுப்பு மையை விட்டுவிட்டு ஆயிலில் நிலமும் ஒளியுமாக அரூபத்துக்குப் போயிற்று. நீங்கள் அவரிடமிருந்து எடுத்திருப்பது கோட்டின் சிடுக்கு மட்டும். அவருடைய சிடுக்குக்குள் ஒரு எலும்பு, ஒரு துணி மடிப்பு இருக்கும். உங்கள் சிடுக்கை விரலால் நீக்கிப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. ஒயர் கூடையில் இருந்தது. அந்தக் கூடையின் கோடு ஆதிமூலத்துடையது என்று யாராவது சொல்வார்களா?

மூன்று வருடத்தில் என்னுடையது என்று ஒன்றும் இல்லையே என்கிறீர்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் பிறந்தவர். கேரள நிலக்காட்சிகளை வாட்டர் கலரில் செய்தார், மனித உருவங்களைச் செய்தார், 1957-இல் சென்னைக் கல்லூரிக்கு முதல்வரும் ஆனார். ஜாதகக் கட்டமும் கணிதக் குறியும் எழுத்து வரிசையுமாக இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963-இல்தான் தொடங்குகிறது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருபது, இருபத்தொன்று இருக்குமா?

அரூப ஓவியங்களைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்ப்பது உள்ளங்கை அளவுப் படம். அந்த அளவில் கண்ணைப் பறிப்பதை எடுத்துக்கொண்டு நாலடி கேன்வாஸில் போடுகிறீர்கள். தூரத்தில் நின்று போன் கேமராவில் பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. இரண்டடி தூரத்தில் நின்றால் படத்தின் பெரும்பகுதியில் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாவது கேன்வாஸில் மட்டும், கீழே இடது மூலையில், செங்கல் நிறத்துக்கு மேல் சாம்பல் நீலத்தைப் பூசிவிட்டுக் கத்தியால் சுரண்டியிருக்கிறீர்கள். அந்த ஒரு சாண் இடத்தில் ஏதோ நடக்கிறது. ஒரு முடிச்சு மாதிரி இருக்கிறது. சாக்கின் வாய்க்கட்டுக்கு அது தூரத்து உறவோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக “என் கலையின் மையம் சுமை” என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் தாள்களில் எத்தனையில் மூட்டை முடிச்சு இருக்கிறது என்று நீங்களே எண்ணுங்கள். இல்லையென்றால் இல்லை.

இதற்குச் சில கைவேலைகளும் உண்டு. படத்தை நிலைக்கண்ணாடிக்கு முன் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் சொல்லிவைத்த உபாயம் இது. இடவலம் மாறியதும் வேறு யாரோ வரைந்த படம் போலத் தெரியும், சாய்ந்த கண்ணும் கோணிய தாடையும் பளிச்சென்று அகப்படும். போனில் போட்டோ எடுத்து வண்ணத்தை நீக்கிப் பாருங்கள். உங்கள் குளக்கரை வாட்டர் கலரில் படிக்கட்டும் தண்ணீரும் ஒரே சாம்பலாகிவிடும். படம் ஏன் தட்டையாக இருக்கிறது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை அதுதான். வண்ணம் மாறியிருக்கிறது, வெளிச்ச அளவு மாறவில்லை. தலைகீழாக வைத்துப் பார்ப்பதும் நல்லது, காம்போசிஷனின் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

கிழிக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. பால் க்ளீ முனிச்சில் ஓவியம் படித்து, இத்தாலி சுற்றிவிட்டு, பெர்ன் நகரில் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரம். 1902-ஆம் ஆண்டு. பழைய சாமான்களுக்கு நடுவே தான் சிறுபிள்ளையாக இருந்தபோது கிறுக்கிய படங்கள் அவர் கையில் கிடைத்தன. அதுவரை தான் செய்தவற்றிலேயே இவைதான் முக்கியமானவை என்று காதலி லில்லிக்குக் கடிதம் எழுதினார். சும்மா உணர்ச்சிவசப்பட்டு எழுதியதும் அல்ல. 1911-இல் தன் படைப்புகளுக்கெல்லாம் எண் போட்டுப் பட்டியல் தயாரிக்கத் தொடங்கியபோது, அந்தச் சிறுவயதுப் படங்களில் சிலவற்றைப் பட்டியலில் சேர்த்தார். பயிற்சிக்காக வரைந்த நிர்வாண உருவங்களை வெளியே விட்டுவிட்டார். கவனியுங்கள், பட்டியலிலிருந்துதான் விட்டார், கிழித்துப் போடவில்லை. எது தன்னுடையது என்று அவருக்குத் தெரிய ஒன்பது வருடம் ஆயிற்று. வராண்டாவில் ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டுக் கிழிக்கக் கிளம்பினால், எதைக் கிழிக்கிறோம் என்று தெரியாமலே கிழிப்பீர்கள். எனக்குத் தெரிந்து கிழித்தவர்கள் பெரும்பாலும் ஸ்கெட்ச் புக்கைத்தான் கிழித்தார்கள், பரிசு வாங்கிய படத்தைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே பத்திரப்படுத்துங்கள். சார்கோல் படங்களுக்குக் கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடித்து நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். நியூஸ்பிரின்டில் போட்டவை எப்படியும் பழுத்து நொறுங்கும், நல்லதாகப் பட்டவற்றை இப்போதே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதி, இடம், எதைப் பார்த்து வரைந்தது, மூன்றையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.

அப்படி எழுதினால், அந்த இரண்டு பக்கத்துக்கு வேண்டிய சரக்கு அங்கேயே சேர்ந்துவிடும். எழுத்து எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். 1888 அக்டோபரில் ஆர்ல் நகரில் வான்கோ தன் படுக்கையறையை வரைந்தார். தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறார். சுவர் வெளிர் ஊதா, தரையில் சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலியும் புது வெண்ணெயின் மஞ்சள், விரிப்பும் தலையணையும் எலுமிச்சைப் பச்சை, போர்வை செக்கச் சிவப்பு, ஜன்னல் பச்சை, அலம்பும் மேசை ஆரஞ்சு, தொட்டி நீலம். இப்படியே போகிறது. பார்ப்பவருக்கு ஓய்வெடுக்கும் உணர்வு வர வேண்டும், அதை வண்ணமே செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். இருத்தலும் இல்லை, வெறுமையும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இன்று அந்தப் படத்தில் சுவர் நீலமாக இருக்கிறது. ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளுத்துப் போய்விட்டது. அவர் நினைத்த ஊதாவுக்கு இன்றைக்கும் சாட்சியாக இருப்பது அந்தக் கடிதம்.

உங்கள் இரண்டு பக்கத்திலும் அப்படி எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைவீர்கள், ஏன் அந்த இடம், முகத்தை ஏன் வரையவில்லை (உற்றுப் பார்த்தால் திட்டுவார்கள் என்ற பயமாக இருந்தால் அதையே எழுதுங்கள், அது நல்ல காரணம்), சாக்கு முடிச்சில் என்ன பார்த்தீர்கள். இளையராஜாவையும் ஆதிமூலத்தையும் பார்த்துக் கற்றேன் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். மறைத்தால்தான் திருட்டு மாதிரி தெரியும். செங்கல் நிறத்தின் மேல் நீலத்தைச் சுரண்டியது திட்டமிட்டா, கோபத்திலா? அதையும். பாதம் வரைய வரவில்லை என்பதையும் எழுதலாம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார், நீங்களே சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இரண்டு பக்கம் வராமல் ஒன்றரைப் பக்கத்தில் நின்றால் நிற்கட்டும்.

அப்பா பணம்: கேன்வாஸ் வீணாகவில்லை, அந்த ஒரு சாண் இடத்துக்காகத்தான் நாலடி செலவானது. அடுத்த கேன்வாஸை ஒன்றரை அடியில் வாங்குங்கள். ஊருக்குப் போகும்போது ஸ்கெட்ச் நோட்டை அவரிடம் கொடுங்கள். யார் எந்த பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று உங்களைவிட அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.

காட்சியில் கேன்வாஸ்களை மட்டும் மாட்டிவிட்டு அந்த நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு அதன்மேல் வையுங்கள், வருகிறவர்கள் புரட்டட்டும். பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் வெளுக்கும், அதனால் மேசையை ஜன்னலோரம் போட வேண்டாம்.